எட்டு மாடிக் கட்டடத்தின் பதினான்காவது மாடி

எட்டே மாடி கொண்ட காப்பீட்டு அலுவலகத்தின் லிஃப்ட், ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குப் பதினோராவது மாடியில் போய் நின்றது. கதவு திறந்தது. சுண்ணாம்பு மணக்கும் ஒரு நடை, மூன்று நாற்காலிகள், ஒரு ஜாடித் தண்ணீர். உள்ளே இருந்த ஆறு பேரும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிடத்தில் லிஃப்ட் தானாகக் கீழே இறங்கியது. தாமதத்துக்காக ஆறு பேருக்கும் அரை நாள் விடுப்பு கழிக்கப்பட்டது.

காரணம் லிஃப்ட்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். இருபது வருடமாக வலது கை பொத்தானில், இடது கையின் இரண்டு விரல் அந்த வலது மணிக்கட்டின் நாடியில் என்றே வேலை பார்த்த மனிதர். நெஞ்சு ஒரு துடிப்பு தவறினால் மாரடைப்பு, கை மரத்துப்போனால் பக்கவாதம் என்று தானே தீர்ப்பு எழுதிவிடுவார். எழுதிய மறுநொடி நெஞ்சு தறிகெட்டு ஓடும். நெஞ்சு ஓடினால் லிஃப்ட் ஏறும். காபியை விட்டார், செய்தித்தாளை விட்டார், துடிப்பு கூடுகிறதென்று சிரிப்பதையும் விட்டுப் பார்த்தார்.

"செத்துடுவேன்னு இந்த வருஷம் முப்பது தடவை சொல்லியாச்சு. துவைச்ச சட்டையை ஒரு தடவையாவது மடிச்சு வச்சீங்களா?" என்றாள் மனைவி.

மருத்துவர் லிஃப்ட்காரரைச் சோதித்தார், மெக்கானிக் லிஃப்டைச் சோதித்தார். கோளாறு ஏதுமில்லை என்று இருவரும் ஒரே மாதிரி எழுதிக்கொடுத்தார்கள். அடுத்து, பணி நேரத்தில் யாரும் பதற்றப்படக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்துத் தபால் பிரிவு முழுவதற்கும் வியர்த்துக் கொட்டியது.

கடைசியில், வெள்ளிக்கிழமை தானே ஏறிப் பார்ப்பதாகவும், எட்டைத் தாண்டினால் வேலை காலி என்றும் மேலாளர் சொல்லிவிட்டார். லிஃப்ட்காரருக்கு வேறு வேலை தெரியாது. பதறாமல் இருக்க வேண்டுமே என்று அதுவரை இருந்த நான்கு நாளும் பதறினார்.

வெள்ளிக்கிழமை எட்டாவது மாடியில் தலைமையகத்து அதிகாரிகள் மேலாளரிடம் விளக்கம் கேட்கக் காத்திருந்தார்கள். மேலாளர் லிஃப்டில் ஏறினார். எட்டு வந்தது, போனது. லிஃப்ட்காரரே பார்த்தேயிராத பதினான்கில் லிஃப்ட் நின்றது. போச்சு என்று லிஃப்ட்காரர் நாடியை எண்ணினார். எழுபத்திரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணினார். எழுபத்திரண்டேதான்.

திரும்பிப் பார்த்தார். மேலாளர் டையைத் தளர்த்தியபடி வெளிறிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார்.

"எனக்கு என்னமோ ஆகுதுப்பா... மூச்சே வரல. யாரையாவது கூப்பிடு!"

லிஃப்ட்காரருக்குக் கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது. கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"ஒண்ணும் ஆகாது சார். நான் எத்தனையோ தடவை வந்துட்டுப் போன வழிதான். மல்லுக்கட்டாதீங்க, சும்மா உக்காருங்க. தானா இறங்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

பத்து நிமிடத்தில் இறங்கியது. வேலை நீக்கம் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. கீழ்த்தளப் பலகையில் எட்டுக்கு மேலே, 'ஒன்பது முதல் பதினான்கு வரை: அமரவும்' என்று பெயின்டர் எழுதிவிட்டுப் போனார். லிஃப்ட்காரர் இப்போது பத்தைத் தாண்டுவது அபூர்வம். நாற்காலி போதவில்லை என்று தபால் பிரிவு மனு கொடுத்தது. மேலாளர் அன்றே கையெழுத்திட்டு ஆறு நாற்காலிகளை மேலே அனுப்பிவைத்தார்.