புது முகடு

ஆய்வுக்கூடத்தில் அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவளே இந்த முறை கோட்டை விட்டாள்.

வேலை இதுதான்: இரண்டு வைர முனைகள், நடுவே மெல்லிய உலோகத் தகடு, தகட்டில் கண்ணுக்கே தெரியாத ஓட்டை, அதற்குள் துளியூண்டு பச்சைக் கனிமம். திருகை முறுக்கினால் பூமியின் அடிவயிற்று அழுத்தம் வந்துவிடும். ஊடே எக்ஸ் கதிரை விட்டால், அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கணினித் திரையில் வரைகோடு முகடு முகடாக எழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை, அந்தக் கனிமத்தில் யாரும் பார்த்திராத முகடு ஒன்று எழுந்தது. புது அணுக் கட்டமைப்பு! துறைத்தலைவர் அரை மணி நேரத்தில் கட்டடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். மாதக் கடைசியில் முடிய இருந்த அவள் ஒப்பந்த வேலை இனி மூன்று வருடம் நீளும் என்றார். வீட்டில் சொன்னாள். கேட்ட கையோடு கணவன் பெரிய வீடு பார்க்கக் கிளம்பிவிட்டான்.

வியாழக்கிழமை காலை, கதிர்க்கருவியில் அவள் குழுவுக்கு ஒதுக்கிய நேரத்தில் கடைசி ஒரு மணி மிச்சமிருந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியத்தை அப்போதுதான் செய்தாள். கனிமத்தின்மேல் படாமல், வெறும் தகட்டில் கதிரை விட்டாள்.

அதே இடத்தில் அதே முகடு, குத்துக்கல்லாட்டம் நின்றது. அழுத்தத்தில் ஓட்டை சுருங்கி, கதிரின் ஓரம் தகட்டில் பட்டிருக்கிறது; முகடு தகட்டினுடையது. கண்டுபிடிப்பு அவ்வளவுதான்.

"அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சிறிது நேரம் கழித்துத் துறைத்தலைவர் அறைக்குப் போய், வெறும் தகட்டில் எடுத்த படத்தை மேசைமேல் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கும் சார்."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

"இல்ல சார். நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு தெரியும். நானும் சரின்னு தலையாட்டிருவேன்னு தெரியும். அதான் வர்றதுக்கு முன்னாடியே ஆய்வுக்கூடப் பதிவேட்டுல பேனாவால எழுதி, கையெழுத்தும் போட்டுட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உன் வேலை போயிரும்மா."

"தெரியும் சார்," என்றாள். தெரிந்தும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்மேல உனக்கு அவ்வளவுகூட நம்பிக்கை இல்லையா?"

"என்மேலதான் சார் இல்ல."