ஜன்னல் வெட்டிய வேகன்

கற்பூரம் கரைத்த தண்ணீரைக் கடைசி முறையாக, இறந்துபோன அத்தாவின் காலில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, துணி மறைப்புக்கு வெளியே யாரோ மெதுவாக விசாரிப்பது ஃபாஜிலுக்குக் கேட்டது. அந்தப் பெரிய ரயிலை யார் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறானாம்?

குவளையில் மிச்சமிருந்ததையும் ஊற்றி முடித்தான்.

அந்த ரயிலைத் திருவாரூரில் அறியாதவர் கிடையாது. ஃபாஜிலின் அத்தா யூனுஸ் ரயில்வேயில் டி.எக்ஸ்.ஆர்., பெட்டிப் பரிசோதகர். முப்பத்து நாலு வருஷம் சுத்தியலால் சக்கரம் தட்டி, நோய் கண்ட சரக்குப் பெட்டிகளை ஓரங்கட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு தட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்தார். மலேசியாவில் மகன் மேனேஜராக இருக்கும் சுற்றுலா ரயிலுக்கு முதலில் எட்டுப் பெட்டிதான் கொடுத்தார். பிறகு மாதம் ஒன்றாகச் சேர்த்தார். இரண்டாயிரத்து நாலு ரமலானுக்குள் இருபத்திரண்டு பெட்டி ஆகிவிட்டது. மலையுச்சியில் டிரைவர் இறங்கிக் காபி குடிக்கும்போது, அடிவாரத்தில் கடைசிப் பெட்டிக்காரன் இன்னும் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பான். இருக்கையெல்லாம் வெல்வெட். ஜன்னலுக்கு ஒரு ஏசி. ஏதோ ஒரு சுல்தான் ஏறிவிட்டு இறங்கமாட்டேனென்று அடம்பிடித்ததில் வண்டி நாற்பது நிமிஷம் லேட். ஃபாஜில்தான் தோளில் கை போட்டுச் சமாதானம் சொல்லி இறக்கினான்.

உண்மையில் அது மூன்றே பெட்டி. ஒரு காலத்தில் ஈயத்தாது சுமந்த கிழட்டு வேகன்கள். கேளிக்கைப் பூங்காக்காரர்கள் பக்கத் தகட்டை வெட்டி ஜன்னலாக்கி, உள்ளே பெஞ்சு பற்றவைத்து, கிளிப்பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். வளைவில் பிள்ளைகள் எடுக்கிற வாந்தியைக் குழாய் பிடித்துக் கழுவுவது ஃபாஜிலின் வேலை. கார்டின் தொப்பியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்து போட்டோ எடுத்து அனுப்பினான். மேனேஜர் என்று எழுதியது ஒரே ஒரு கடிதத்தில்தான். மிச்சத்தை அத்தா பார்த்துக்கொண்டார்.

கஃபன் துணி சுற்ற ஆரம்பித்தார்கள். கைகழுவக் கொல்லைக்கு வந்தவனுக்கு சாமிதுரை பம்பு அடித்தார். கூட்ஸ் கார்டாக இருந்தவர்; அத்தாவோடு ஒரே யார்டில் இருபது வருஷம்.

“தம்பி, போட்டோ வந்த அன்னைக்கே அவருக்குத் தெரியும்.”

“என்ன மாமா?”

“சக்கரத்து மேல ஸ்பிரிங் பட்டைய பாத்தாரு. மூட்டை ஏத்துற வண்டிடா இதுன்னாரு. பெயின்ட்ட பாத்து ஏமாறுற டி.எக்ஸ்.ஆரா அவரு? தொப்பி ஒனக்கு காது வரைக்கும் எறங்கிக் கெடந்துச்சே, அதையும் பாத்தாரு.”

ஃபாஜில் தண்ணீரில் கையை நீட்டியபடியே நின்றான்.

“நாலு நாள் கடைப்பக்கம் வரல. அஞ்சாம் நாள் வந்து வெல்வெட்டு சீட்டுன்னு ஆரம்பிச்சாரு. ஏன்யா இப்படின்னேன். நான் பெருசா அளந்தா என்னையத்தான் சிரிப்பானுங்க, அவன யாரும் நோண்டமாட்டானுங்கன்னாரு.”

பம்பு நின்ற பிறகும் அவன் கையைத் துடைக்கவில்லை.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து, அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினார்கள். ஜனாஸா தொழுகைக்கு முன், இறந்தவருக்காக வாரிசு ஜமாஅத்திடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். தொழவைக்கும் ஹஜ்ரத் தலையசைத்ததும் ஃபாஜில் முன்னால் வந்தான். அத்தா சொல்லாலோ செயலாலோ யாரையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்டான். மன்னித்தோம் என்ற முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

டீக்கடையில் அத்தாவைத் தினமும் சீண்டுகிற பாத்திரக் கடை அப்துல் வஹாப், முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அந்த ரயிலுக்கும் சேத்து மன்னிச்சோம் தம்பி. புள்ள மேல ஆசையில புளுகுனதுதானே.”

அங்கங்கே புன்னகை, அழுத முகங்களில் வருகிற வகை. அன்போடுதான் மன்னித்தார்கள். இனி இவன் பேசாமல் போய் வரிசையில் நின்றால் போதும். போர்வைக்குள் இருப்பவர் ஊரிலேயே பெரிய புளுகராக மண்ணுக்குள் போவார்.

ஃபாஜில் வரிசைப் பக்கம் திரும்பினான். இரண்டடி நடந்தவன் நின்றான்.

“அந்தப் பொய் அத்தாவோடது இல்ல. என்னோடது. நான் மேனேஜர் இல்ல. அது கூட்ஸ் வேகன், நான் அத கழுவுறவன். அத்தாவுக்கு அது தெரியும்.” பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, “என்னைய மன்னிச்சிருங்க” என்றான்.

இறந்துபோன மையத்துக்காகக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். உயிரோடிருப்பவன் தனக்காகக் கேட்டால் சொல்வதற்கு அந்த முற்றத்தில் பழகிய வார்த்தை இல்லை. வாசலுக்கு வெளியே நின்ற சாமிதுரை, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். வரிசையை நேராக்கச் சொன்னார்; இடைவெளி விடவேண்டாம் என்றார்.

ஃபாஜில் முதல் வரிசையின் ஓரத்தில் போய் நின்றான். அவனுக்கும் அப்துல் வஹாபுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தது. வஹாப் அவன் பக்கம் திரும்பவில்லை. எதிரே சந்தூக்கைப் பார்த்தபடியே காலை நகர்த்தி நகர்த்திப் பக்கத்தில் வந்தார். வெயில் ஏறிய கல்தரையில் அவருடைய கால் சுண்டுவிரல் வந்து ஃபாஜிலின் சுண்டுவிரலைத் தொட்டு நின்றது.