பட்டுக்குத் தீட்டில்லை

"அடுப்பங்கரைக்குள்ள கால வெச்ச, அப்புறம் நடக்கிறதே வேற!"

மாமியார் கமலாட்சி போட்ட சத்தத்தில் காவேரி அப்படியே நின்றுவிட்டாள். கையில் காலி வெந்நீர்ப் பை. இடுப்புக்குக் கீழே விண்விண்ணென்று தெறித்தது. மாதாமாதம் இதே வலிதான்.

"ஒத்தடம் குடுக்கச் சொல்லி டாக்டரம்மா சொன்னாங்க அத்தை. கொஞ்சம் சுடுதண்ணி நீங்களே வெச்சிக் குடுத்தாக்கூட..."

"தூரமானவ தொட்ட பைய நான் தொடணுமா? நாங்கள்லாம் ஒத்தடம் குடுத்துக்கினா இருந்தோம்? போம்மா, போயி ஓரமா உக்காரு."

ஓரம் என்றால் குளியலறைப் பக்கத்துச் சிமென்ட் தரை. பாய் கிடையாது, தலையணை கிடையாது. சாய்ந்துகொள்ளலாமென்றால் சுவரெல்லாம் ஈரம். பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவிலேயே பெரிய வீடு அது. அதில் அவள் முதுகுக்கு இடமில்லை.

அங்கேயும் உட்கார விடவில்லை. கூடத்துத் தறியிலிருந்து கணவன் உதயகுமார் கூப்பிட்டான்.

"காவேரி, வா. கரை கோக்க ஆளில்லாம நிக்கிது. முகூர்த்தப் பொடவை, நாளைக்குக் குடுத்தாவணும்."

காவேரிக்கு ஒரு நப்பாசை. "நான் தூரமா இருக்கேனே, அத்தை?"

"பட்டுக்கு ஏதும்மா தீட்டு? போயி நெய்யி."

அடடா, என்ன அருமையான சாஸ்திரம்! ஒரு சொம்பு வெந்நீருக்குத் தீட்டு உண்டு. நெய்து விற்கிற பட்டுக்குக் கிடையாது.

காவேரி தறியில் உட்கார்ந்து, குனிந்து குனிந்து இழை ஓட்டும் நாடாவைத் தள்ளினாள். ஒவ்வொரு குனிவுக்கும் உயிர் போய் வந்தது. இந்தப் புடவையைக் கட்டப்போகிறவளுக்குத் தூரம் வராத நாளாகப் பார்த்துத்தான் முகூர்த்தம் வைத்திருப்பார்கள். நெய்கிறவளுக்கு யார் நாள் பார்ப்பது?

"முடியலைங்க. அத்தைகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

"அம்மாகிட்ட நான் என்னத்த சொல்றது?" அவன் நிமிரக்கூட இல்லை.

காவேரி எழுந்தாள். பீரோவைத் திறந்து தன் கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். நேரே அடுப்பங்கரைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரை ஏற்றினாள்.

"ஐயையோ! என்னாடி பண்ற?"

"பட்டு கட்டிக்கினு இருக்கேன் அத்தை. பட்டுக்குத்தான் தீட்டில்லையே."

கமலாட்சி அடுப்பை அணைக்கக் கையை நீட்டினாள். பட்டுக்கும் தீட்டு உண்டு என்றால் தறியை நிறுத்த வேண்டும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் கொதித்தது. காவேரி பையை நிரப்பி, முந்தானையால் இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி தறியில் வந்து உட்கார்ந்தாள்.

"ம், நெய்ங்க" என்றாள் கணவனிடம்.