பூட்டி வைத்த நாலாவது கோர்

தகடு தூக்கும்போது தம்பியின் தோளில் ஏதோ அறுந்தது. அறுந்த சத்தமே தனக்குக் கேட்டது என்று அவன் சொல்வான். தகட்டின் மறுமுனையைப் பிடித்திருந்த கிரேன், தனக்கு அதெல்லாம் கேட்கவில்லை, இவன் கத்தியதுதான் கேட்டது என்பான். கிரேன் என்பது அந்தப் பட்டறையில் பாரம் தூக்குகிறவனுக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். நிஜக் கிரேன் வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. இவன் இருக்கும்வரை வரவும் வராது.

இனிப் பாரம் தூக்கினால் கை தோளுக்கு மேலே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரும்புப் பட்டறையில் பாரம் தூக்க முடியாதவனுக்கு இருப்பது ஒரே ஒரு நாற்காலி. தகரத் தடுப்புக்குப் பின்னால், கம்ப்யூட்டருக்கு முன்னால். அதில் இருந்தவன் வேறு வேலை கிடைத்துப் போனபோது தன் கம்ப்யூட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

"நாற்காலி இருக்கு. மெஷினை நீ கொண்டு வா. இந்த மாசம் ஓட்டிக் காட்டு, பார்ப்போம்," என்றார் முதலாளி. அவர் வாயில் 'பார்ப்போம்' என்பது முக்கால்வாசி 'இல்லை'.

வேலை இதுதான். பெரிய இரும்புத் தகடு ஒன்று வரும். அதில் வெட்ட வேண்டிய துண்டுகளின் அளவும் வரும். எந்தத் துண்டை எங்கே, எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் தகடு வீணாகாது என்று கணக்குப் போட வேண்டும். தையற்காரர் துணியைப் போட்டுப் பார்ப்பது மாதிரி. அவருக்குக் கண் போதும், தகட்டுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். அது ஆயிரக்கணக்கான விதத்தில் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வெட்டும் மெஷின் அதை அப்படியே பின்பற்றித் தீயால் அறுக்கும். கணக்கில் பிசகு என்றால் தகட்டிலும் பிசகு. அறுத்த இரும்பை யாரும் ஒட்டித் தரமாட்டார்கள்.

தம்பி பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு கம்ப்யூட்டரைக் கூட்டிச் சேர்த்தான். போர்டு ஒரு கடையில், பெட்டி வேறொரு கடையில். சிப் மட்டும் புதிது, இருப்பதிலேயே மலிவு, மூன்று கோர். கோர் என்றால் சிப்புக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுகிற இடம். மூன்று கோர் என்றால் மூன்று பேர் வேலை.

முதல் வாரம் அமோகமாகப் போனது. முதலாளி டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு தடுப்புக்குள் எட்டிப் பார்ப்பார். டீ முடிவதற்குள் திரையில் தகடு முழுவதும் துண்டுகள் அடுக்கி நிற்கும்.

"முன்னாடி இருந்தவன் இதுக்கு ரெண்டு டீ குடிக்க வைப்பானேடா," என்றார். அவர் ஒருவரைப் பாராட்டுவதாக இருந்தால் இன்னொருவரைத் திட்டித்தான் பாராட்டுவார்.

அந்த வாரக் கடைசியில் அக்கா பட்டறைக்கு வந்தாள். அவள் சிப் சோதிக்கும் தொழிற்சாலையில் இருக்கிறாள். தலை முதல் கால்வரை வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, ஷிப்ட் முழுவதும் நின்றே பார்க்கிற வேலை. மெஷினின் கை சிப்பை எடுத்துச் சூடாக்கிச் சோதித்துத் தரம் பிரித்துத் தட்டில் போடும். தட்டு நிறைந்தால் மாற்ற வேண்டும், கை சிக்கினால் எடுத்துவிட வேண்டும். சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாது.

தம்பியின் திரையைப் பார்த்ததும் அவள் உட்காராமல் நின்றாள். ஓரத்தில் சின்னப் பெட்டிகளில் பச்சைக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கோருக்கும் ஒரு கோடு.

"டேய், மூணு கோர்தானே வாங்கின?"

"ஆமா."

"நாலு கோடு ஓடுது?"

தம்பி சிரித்தான். "ஆன் பண்றப்போ வர்ற செட்டிங்ல ஒண்ணே ஒண்ணை மாத்தினேன். நாலாவது முழிச்சுக்கிச்சு. இனாம்!"

"எவன் சொல்லிக் கொடுத்தான்?"

"நீதான். அன்னிக்குச் சாப்பிடறப்போ சொன்னியே. மூணு கோர் சிப்புன்னு தனியா செய்யறதே கிடையாது, எல்லாம் நாலுதான், ஒண்ணைப் பூட்டி மூணுன்னு விக்கறாங்கன்னு."

"பூட்டறதுக்குக் காரணமும் சொன்னேனே, அது காதுல விழலியா? ஒரு கோர்ல பழுது இருந்தா சிப்பைத் தூக்கிப் போடாம, அதை மட்டும் பூட்டிருவாங்க. நாலு ரூம் வீட்டுல ஒரு ரூம் ஒழுகினா, கதவைச் சாத்திட்டு மூணு ரூம்னு வாடகைக்கு விடற மாதிரி."

"ஒழுகாத ரூமையும் பூட்டுவாங்கன்னு சொன்னியே."

அதையும் சொல்லியிருந்தாள். மலிவுச் சரக்குக்கு ஆர்டர் குவிந்து, பழுதான சிப் போதாமல் போனால், நல்ல சிப்பிலும் ஒரு கோரைப் பூட்டி அந்தத் தட்டில் போடுவதுண்டு. எது பழுது, எது நல்லது என்று வெளியே பார்த்தால் தெரியாது. தட்டு மாற்றுகிற அவளுக்கும் தெரியாது. சாப்பாட்டு நேரத்துப் பேச்சாக வேலையிடத்துக் கூத்தைச் சொன்னாள், தம்பி தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

மலிவுச் சிப்பின் கதையே இப்படிக் குறைப்பதும் திறப்பதுமாகத்தான் போயிருக்கிறது. முதலில் சிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகத்தைப் பிடுங்கிவிட்டு மலிவு என்று விற்றார்கள். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் கிடங்குக்கு ஓடுகிற மெக்கானிக் மாதிரி அது மூச்சு வாங்கியது. ஊரே சிரித்தது. மறுபடி கொஞ்சம் நினைவகத்தைச் சிப்புக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். அது எவ்வளவு நன்றாக ஓடியது என்றால், விலை கூடினதை வாங்க வந்தவனும் இதைத் தூக்கிக்கொண்டு போனான். அப்புறம் வேகத்தை ஏற்ற முடியாதபடி சிப்பின் மேலே சில இணைப்புகளை அறுத்துவிட்டார்கள். ஜனங்கள் பென்சிலால் அந்த இடத்தில் கோடு போட்டார்கள். பென்சில் கரியில் மின்சாரம் ஓடும், பூட்டு திறந்துகொண்டது. கம்பெனி வெட்டை ஆழமாக்கியது. பிறகுதான் இந்தக் கோர் பூட்டுகிற காலம்.

"பென்சில்ல கோடு போட்டவன் எல்லாம் நல்லாத்தானே ஓட்டினான்?" என்றான் தம்பி.

"நல்லா ஓட்டினவன்தான் வெளிய சொன்னான். சிப்பைப் பொசுக்கினவன் மூச்சு விடுவானா? சோதிச்சுப் பார்த்தியா நீ?"

"பத்து நிமிஷம் ஓட விட்டேன். சுத்தமா இருந்துச்சு."

"பத்து நிமிஷம் குடிக்காம நம்ம சித்தப்பாகூடத்தான் சுத்தமா இருப்பார்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கிரேனுக்குப் புரையேறியது. அவனுக்கும் சித்தப்பாவைத் தெரியும்.

பட்டறையில் அன்று அரை நாள். முதலாளி கிளம்பிய பிறகு, சிப்பைச் சோதிக்கும் நிரலை ஓட விட்டார்கள். விடை தெரிந்த கணக்கையே நாலு கோர்களுக்கும் திரும்பத் திரும்பக் கொடுத்து அது சரிபார்க்கும். அக்கா பெட்டியின் மூடியை மூடச் சொன்னாள்.

"சூடாகும்க்கா."

"ஆகட்டும். நாங்களும் சூடாக்கித்தான் பார்ப்போம்."

மூன்று பேரும் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். கிரேன் தன் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசினான். அக்கா கால் விரல்களை நீவிக்கொண்டாள். வெயில் தணிந்து திரும்பி வந்து பார்த்தபோது மூன்று கோர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாலாவதின் பெட்டியில் கோடு படுத்துவிட்டது. பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி: விடை தவறு.

தம்பி மறுபடி ஓட்டினான். நன்றாகத்தான் போனது. சிப் சூடேறியதும் அதே சிவப்பு வரி வந்தது.

"பெரிய ஃபேன் ஒண்ணு போட்டுட்டா..."

"தப்புக் கணக்குப் போடறவனுக்கு விசிறி விடப்போறியா?" என்றாள் அக்கா.

ஒரு வாரமாக அந்தக் கோர் போட்ட கணக்கில் வெட்டிய துண்டுகள் அனுப்புவதற்காக மூலையில் அடுக்கிக் கிடந்தன. தம்பி அளவு டேப்பை எடுத்தான். கிரேன் துண்டுகளைப் புரட்டிக் கொடுக்க, அக்கா திரையில் அளவைப் படிக்க, தம்பி ஒவ்வொன்றாக அளந்தான். இருட்டுவதற்குள் முடிந்தது. ஒன்றிலும் தவறில்லை.

கிரேன் கையைத் துடைத்தான். "அப்புறம் என்ன? கோரைப் பூட்டு, வாயையும் பூட்டு. முதலாளிக்கு எதுக்குத் தெரியணும்?"

"திங்கக்கிழமை டீ கிளாஸோட வந்து நிப்பாரே," என்றான் தம்பி. "கிளாஸ் காலியானப்புறமும் மெஷின் யோசிச்சுக்கிட்டு இருந்தா? நாலு கோர் வேகத்தை அவர் கண்ணுல காட்டிட்டேன். மூணுக்கு இறங்கினா இவனுக்கு வேலை தெரியலன்னு சொல்லிருவார். மறுபடி தகடுதான்."

"பூட்டாமலே விட்டா?" என்றாள் அக்கா.

தம்பி டேப்பைச் சுருட்டினான். அக்கா அதற்கு மேல் தோண்டவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மட்டும், "உன் தோளு, உன் நாற்காலி. நான் சாப்பிடறப்போ இனிமே கம்பெனிக் கதை பேச மாட்டேன்," என்றாள்.

திங்கட்கிழமை தம்பி சீக்கிரமே வந்து செட்டிங்கை மாற்றினான். கோடுகள் மூன்றாயின. முதலாளி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், வழியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னான். கோர் திறந்தது, சோதித்தது, தவறியது, துண்டுகளை அளந்தது.

முதலாளி ஒரு செருப்போடு நின்றார். "ஏண்டா, பழுதுன்னு பூட்டி வெச்சதைத் திறந்துதானா என் தகட்டை அறுத்த?"

"ஆமா முதலாளி."

"அளந்ததுல ஒண்ணும் கெடலியே?"

"கெடல."

"கெட்டிருந்தா?"

முதலாளி அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பெற்றவர்களை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் இழுத்தார். லேத்தில் இருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். திட்டி முடித்து மூச்சு வாங்கியபோது கேட்டார்:

"இப்போ மூணுல எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"ஒரு டீக்கு ஒண்ணரை டீ ஆகும் முதலாளி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"தகட்டை எடுத்து மெஷின் மேல ஏத்தவே அதுக்கு மேல ஆகுதேடா. கணக்கு சீக்கிரம் முடிஞ்சு மட்டும் என்ன கிழிச்ச? இந்த அரை டீக்கா இவ்வளவு வேலை பார்த்த?"

தம்பிக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. தடுப்புக்குள் உட்கார்ந்து வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், வெளியே அந்தக் கணக்குக்காக யாரும் காத்திருக்கவில்லை என்பதைக் கவனித்ததே இல்லை. இத்தனைக்கும் தகடு ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவன் தோளுக்குத் தெரிந்த விஷயம்.

"நாற்காலி உனக்குத்தான்," என்றார் முதலாளி, இன்னொரு செருப்பையும் கழற்றியபடி. "ஆனா வெட்டின துண்டு ஒவ்வொண்ணும் நீ அளந்தப்புறம்தான் வெளிய போகணும். இன்னொரு தடவை நீ எதையாவது திறந்ததா கேள்விப்பட்டேன்னா, வாசல் கதவைத்தான் திறப்பேன்."

"கிரேனோட சேர்ந்து தூக்க ஒரு ஆள்..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"பார்ப்போம்," என்றார் முதலாளி.

தம்பி உள்ளே போய் அன்றைய அளவுகளை ஏற்றினான். மூன்று கோடுகளும் உச்சிக்குப் போய் நின்றன. வெளியே தகடு உரசும் சத்தம் கேட்டது. பழக்கத்தில் எழுந்து தடுப்பின் வாசல்வரை போய்விட்டான்.

"உக்காருடா," என்றான் கிரேன், குனிந்தபடியே. "கையைக் கெடுத்துக்கிட்டா உனக்கு ஒருத்தன் சோறு ஊட்டணும்."

தம்பி அங்கேயே நின்றான். கிரேன் தகட்டின் ஒரு முனையைத் தூக்கினான், கட்டையைக் காலால் அடியில் தள்ளினான், இறக்கினான். இடுப்பில் கை வைத்து ஒரு மூச்சு விட்டான். பிறகு மறுமுனைக்கு நடந்து போனான்.