பலகையில் போட்ட ஒட்டு

எல்லை தாண்டிய வழக்குகள் பார்க்கிறேன் என்றால் கப்பல், கடத்தல், உளவாளி என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். என் அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அங்கே வாங்கிய விவாகரத்து இங்கே செல்லுமா, இங்கே எழுதிய உயில் அங்கே எடுபடுமா, அங்கே பிறந்த பிள்ளைக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். கீழே டயர் கடை, மாடியில் நான். அவர்கள் பஞ்சர் ஒட்டுகிறார்கள், நானும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறேன். எனக்கு முன்கோபம் என்று கோர்ட் வாசலில் டீ விற்பவர் வரைக்கும் தெரியும். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் முதல் நாளே ஊர்க்கதையோடுதான் வந்தாள். கூடவே பஸ் ஓட்டும் அவள் அண்ணன். தங்கை அழ, அண்ணன் பேச, அரைமணி நேரத்தில் அவள் புருஷனுடைய குணம், கோபம், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் முகம் போகும் போக்கு எல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வழக்கு என்னவென்றுதான் தெரியவில்லை. கடைசியில் கோர்ட் நோட்டீஸை நானே அவள் கையிலிருந்து பிடுங்கிப் படித்தேன்.

புருஷன் வெளிநாட்டில் தச்சர். விடுமுறைக்கு என்று சொல்லி மகளை இங்கே கூட்டிவந்த மனைவி திரும்பி வர மறுக்கிறாள், ஆகவே பிள்ளையை அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று மனு போட்டிருந்தார். அப்படி அனுப்புவதற்கு நாடுகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. பெற்றவர்களில் ஒருவர் மற்றவருடைய சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதன் வழக்கமான நாட்டிலிருந்து கொண்டுபோய்விட்டால், அல்லது கொண்டுபோன இடத்திலேயே வைத்துக்கொண்டால், பிள்ளை முதலில் திரும்பிப் போக வேண்டும். யாரிடம் வளர்வது என்பதை அந்த நாட்டு கோர்ட் முடிவு செய்யும்.

அவளுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அவர் நல்லவரா கெட்டவரா என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை, பிள்ளைக்கு வீடு எந்த நாட்டில் என்ற ஒரே கேள்விதான் என்றேன். இனிமேல் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

இரண்டு பேரும் பேசித்தான் குடி மாறியிருக்கிறார்கள். அவரே கூட வந்து, வீடு பார்த்து, இவர்களைக் குடிவைத்துவிட்டு, கைவசம் இருந்த வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பியிருக்கிறார். போன இடத்தில் ஒரு பெரிய ஓட்டலின் கதவுகள் அத்தனையும் செய்யும் வேலை கிடைத்திருக்கிறது. மனசு மாறிவிட்டது, நீங்களும் திரும்பி வாருங்கள் என்றார். மகளைப் பள்ளியில் சேர்த்தாயிற்று, முடியாது என்றாள் இவள். போனிலேயே சண்டை முற்றியது.

எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றேன். எல்லாம் அடுப்படியில் பேசியது என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் ஊர் மாறுவதைப் பத்திரம் எழுதியா பேசுவார்கள்? ஆனால் எதிர்த்தரப்பிடம் காகிதம் இருந்தது. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள். அங்கே பார்த்த வேலையை அவள் விடவில்லை, லீவுதான் போட்டிருந்தாள். இந்த அருமையான யோசனை யாருடையது என்று கேட்டேன்.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு நான்தான் சொன்னேன்" என்றார் அண்ணன், ஜன்னலைப் பார்த்தபடி.

எனக்கு வந்த கோபத்தில் கீழே டயர்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார். உண்மையைச் சொன்னால், கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். டிக்கெட், லீவு இரண்டையும் வைத்துக்கொண்டு சின்ன வக்கீல்கூட இந்தப் பிள்ளையை விமானம் ஏற்றிவிடுவான். எதிரே இருந்ததோ சின்ன வக்கீல் இல்லை. கல்லூரியில் என்னோடு படித்தவன், கோட்டு எப்போதும் விறைப்பாக நிற்கும். அதனால் அவனுக்குக் 'கஞ்சி' என்று பெயர். என்னைத் தோற்கடித்துவிட்டு டீ வாங்கித் தருவதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன். வாழ்கிற வீடா, வந்து தங்கிய வீடா என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று. சாதாரண அடுக்குமாடி வீடு. சுவரில் பள்ளி அட்டவணை, பால்கனியில் காயும் சீருடை. இதெல்லாம் அவள் ஒருத்தியே செய்ததுதானே என்று கஞ்சி சொல்லிவிடுவான். அலுத்துப்போய் எழுந்தபோது மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டில் அவளை 'வால்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், காரணத்தைக் கேட்கவே வேண்டாம். தன் உயரத்தைக் காட்ட வேண்டுமாம்.

படுக்கையறைக் கதவு நிலையின் ஒரு பக்கத்தில் மட்டும் கறுத்த பழைய பலகை ஒன்று இருந்தது. மற்ற மூன்று கதவுகளிலும் வெள்ளைப் பெயின்ட். அந்தப் பலகையில் கீழிருந்து மேலே பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. வால் அதில் முதுகை ஒட்டி, குதிகால் தரையில் பட விறைப்பாக நின்றாள். அவள் தலைக்குச் சற்று மேலே பழைய மரம் முடிந்து, வெளிறிய புது மரம் தொடங்கி, நிலையின் உச்சிவரை போயிருந்தது. சேர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மரம் மாறுவது கண்ணுக்குத்தான் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் குடியிருந்த வீட்டுப் பலகைதான் என்றாள் மருந்துக்கடைப் பெண். கிளம்புவதற்கு முன்னால் புருஷன் அதைக் கதவு நிலையிலிருந்து பெயர்த்திருக்கிறார். மேல்முனை பிளந்துவிட்டதாம். பிளந்ததை அறுத்து எறிந்துவிட்டு, பலகையைக் கம்பளியில் சுற்றிச் சாமான்களோடு அனுப்பி, இங்கே வந்து புது மரம் ஒட்டி அவரே பொருத்தியிருக்கிறார்.

நான் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு நாளாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கதான மேடம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னீங்க."

எனக்கு இது வேண்டியதுதான்.

ஆனால் பலகையை மட்டும் காட்டினால் போதாது. தான் விருந்தாளி மாதிரி சில நாள் தங்கியதாகவும், இங்கே வீட்டில் நடந்த மரவேலை எல்லாம் மனைவியின் அண்ணன் செய்தது என்றும் தச்சர் ஏற்கெனவே சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தார். பலகையை நினைவுக்காக அவளே எடுத்துப்போயிருப்பாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, அவள் பேச்சு ஒரு பக்கம், அவர் பேச்சு ஒரு பக்கம். அண்ணன் தன் பங்குக்கு, வேண்டுமானால் தானும் கூட இருந்து பொருத்தியதாகச் சாட்சி சொல்கிறேன் என்றார். நீங்கள் என்ன செய்தீர்கள் என்றேன். ஏணியைப் பிடித்துக்கொண்டாராம். கோர்ட்டிலும் அதே மாதிரி வாயைத் திறக்காமல் எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

விசாரணை நாளில் தச்சர் திரையில் வந்தார். அங்கே யாரோ ஒரு வக்கீலின் அறை, பின்னால் புத்தக அலமாரி. அவர் அடிக்கடி திரும்பி அந்த அலமாரியின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீல் சரியில்லை போலிருக்கிறது. கஞ்சி டிக்கெட்டையும் லீவு கடிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அதை மீறத்தான் எழுந்தேன்.

கதவு நிலையின் போட்டோவைத் திரையில் காட்டச் சொன்னேன். இந்த வேலை உங்கள் மைத்துனர் செய்தது, அப்படித்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"நீங்க தொழில் தெரிஞ்சவர். உங்க மக தினமும் சாய்ஞ்சு நிக்கிற இடம். இந்த வேலை பாதுகாப்பானதான்னு சொல்லுங்க."

நல்லாத்தான் இருக்கு என்று முனகினார். நான் விடவில்லை. பஸ் ஓட்டுகிறவர் பொழுதுபோக்காகச் செய்த வேலையாயிற்றே, ஒட்டுப் போட்ட இடம் விட்டுப்போகாதா என்றேன். விட்டுப்போகாது என்றார். அப்படியென்றால் உங்கள் மைத்துனர் நல்ல தச்சர் என்று பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் அந்த நேரம் பார்த்துச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். அது தச்சர் பார்த்த திரையிலும் தெரிந்திருக்க வேண்டும்.

"மச்சானா? அவருக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாதுங்க."

கஞ்சி எழுந்து ஏதோ ஆட்சேபித்தான். சாட்சி பேசட்டும் என்றார் நீதிபதியம்மா. அப்படியானால் யார் செய்தது என்றேன். தச்சர் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லப் பழகாத மனுஷன், கோபத்தில் ஒரு பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கிச் சுமக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் செஞ்சேன்" என்றார்.

பழைய மரம் பிள்ளையின் உயரத்துக்குப் போதுமானதாக இருந்ததே, மேலே எதற்குப் புது மரம் ஒட்டினீர்கள் என்று கேட்டேன்.

"வளர இடம் வேணும்ல" என்றார். "அவ என் தோள் உயரம் வர்ற வரைக்கும் அங்கதான நிக்கப்போறா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் காதில் விழுந்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் காலரை விட்டுவிட்டார். மருந்துக்கடைப் பெண் சத்தமில்லாமல் அழுதாள், இந்த முறை நான் அதட்டவில்லை. கஞ்சி தன் காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கத் தொடங்கினான். வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அன்று மாலையே தீர்ப்பு. பெற்றோர் இருவரும் சேர்ந்துதான் பிள்ளையை இங்கே குடிவைத்தார்கள், வழக்கு எழும்போது பிள்ளையின் வழக்கமான வீடு இந்த நாட்டில்தான் இருந்தது, டிக்கெட்டும் லீவும் அதை மாற்றாது, மனு தள்ளுபடி. தகப்பன் மகளோடு தடையின்றிப் பேசவும் வந்து பார்க்கவும் வழி செய்ய வேண்டும் என்றும் நீதிபதியம்மா சேர்த்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம். எத்தனையோ வழக்கு ஜெயித்திருக்கிறேன், கோர்ட் படிக்கட்டில் ஒரு பஸ் டிரைவரோடு கைகோத்துக்கொண்டு குதித்தது அன்றுதான். கஞ்சி அதைப் பார்த்தான். பார்க்கட்டும் என்று அவனுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் சர்க்கரை போடாமலே கலக்கிக்கொண்டிருந்தான்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பின் நகலைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். வால் பலகையில் சாய்ந்து நின்றாள். அம்மா கையில் பென்சில், அண்ணன் கையில் போன். போனில் தச்சர், ஏதோ ஓட்டலின் பாதி பொருத்திய கதவுக்கு முன்னால். குதிகாலைத் தூக்காதே, பென்சிலைப் படுக்கையாகப் பிடி என்று அங்கிருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். போனை இப்படி ஆட்டினால் எப்படி என்று மச்சானுக்கும் ஒரு திட்டு விழுந்தது. கதவு வேலை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னார். இந்த மாதிரி வாக்குறுதிகளைக் கட்டுக் கட்டாகப் பார்த்தவள் நான். ஆனாலும் இதை நம்பினேன், ஏனென்றால் பால்கனி ஜன்னலுக்கு அளவு எடுத்து வைக்கும்படி மனைவியிடம் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா வாலின் தலையில் புத்தகத்தை வைத்துக் கோடு போட்டாள். வால் விலகித் திரும்பிப் பார்த்தாள். பழைய மரத்தைத் தாண்டி, புது மரத்தில் விழுந்திருந்தது கோடு.

அவள் விரலை வைத்துப் பழைய கோட்டிலிருந்து புதுக் கோடு வரைக்கும் தடவினாள்.

"ஒட்டுப் போட்ட இடம் இடறுதா?" என்று கேட்டார் தச்சர்.

"இல்லப்பா."

"இடறாது" என்றார்.