தையல்காரியின் அடி

டயர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடிப் பாடும் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தன் தொழிலைப் பற்றி ஓர் அடி கட்டிப் பாட வேண்டும். மற்றவர்கள் பின்பாட்டு எடுப்பார்கள். எடுத்தால் அடி கட்டியவர் பாடகர்; எடுக்காவிட்டால் சும்மா கேட்க வந்த ஆள்.

தையல்காரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் பின்பாட்டு பாடித் தொண்டை வறண்டவள். அவள் முறை வரும்போது மட்டும், தெருவில் குழியைத் தாண்டுவதுபோலப் பாட்டு அவளைத் தாண்டிவிடும். அவள் கணவனின் அண்ணன் பஸ் டிரைவர். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். அவர் தம்பிக்கு ஒரு சாடை காட்டுவார். அவள் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டயர் கடைக்காரக் கணவன் தன் அடியை ஆரம்பித்துவிடுவான். கட்டியவனே காலை வாரினால் யாரிடம் போய் முறையிடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனை மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நீங்க கொஞ்சம் பொறுங்க. நான் பாடணும்."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

"அண்ணனா என்னைக் கட்டிக்கிட்டாரு?"

அவன் தலையாட்டினான். அவன் தலையாட்டாத விஷயம் எது?

முறை வந்தது. டிரைவர் சாடை காட்டினார். கணவன் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எடுத்தாள்:

"ஊசி நூல் கோத்து வச்சேன், ஊருக்கெல்லாம் தச்சு வச்சேன்,
உங்க கிழிசல் எங்கெங்கன்னு என் விரலுக்குத் தெரியுமுங்க!"

பின்பாட்டுக்கு ஒரு வாயும் திறக்கவில்லை.

"யாரும்மா உன்னைப் பாடச் சொன்னது?" என்றார் டிரைவர். "இது எங்க குடும்பப் பாட்டு. வெளியாளுங்க கேக்கலாம், அவ்வளவுதான்."

"உங்க வீட்டு அக்கா பாடறாங்களே, அவங்க மட்டும் வெளியிலேருந்து வரலியா மாமா?"

"நான் இவங்க மாமா பொண்ணுடி," என்று சீறினாள் டிரைவரின் மனைவி. "என்னையும் உன்னையும் ஒண்ணா வைக்காதே."

யாரோ சிரித்தார்கள். தையல்காரி கணவனைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தது.

"தம்பி," என்றார் டிரைவர். அவ்வளவுதான். தம்பி தன் டயர் அடியை எடுத்தான்.

அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை, அறையத்தான் தோன்றியது. அதே மெட்டில், அவன் குரலுக்கு மேலே, தன் அடியை முதலிலிருந்து எடுத்தாள். இரண்டு குரலும் முட்டிக்கொண்டன. பாதியில் அவன் குரல் நின்றது. அவள் நிறுத்தவில்லை. அடி முடியும் இடம் வந்ததும், காலங்காலமாகப் பழகிய வாய்கள் தன்னால் திறந்து பின்பாட்டை எடுத்துவிட்டன. டிரைவரின் வாயும்தான். யாருக்குப் பாடுகிறோம் என்று அவர்களுக்கு உறைத்தபோது பாதி பின்பாட்டு முடிந்திருந்தது.

டிரைவர் முகம் கறுத்து எழுந்தார். "பாட்டையே கெடுத்துட்டா!"

"எடுத்தது எடுத்ததுதான் மாமா," என்றாள்.

கணவன் அவள் பக்கம் சாய்ந்து, "உனக்காகத்தான் நிறுத்தினேன்," என்று முணுமுணுத்தான். இருக்கலாம். பயந்து நிறுத்தியும் இருக்கலாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை தள்ளி உக்காருங்க," என்றாள்.