ஐந்து மாப்பிள்ளைகளும் ஒரு நெஞ்சுக்கறியும்

எங்கள் வம்சத்து முற்றத்தில் எந்த விருந்தாளியும் ஒரு விறகுக் குச்சியைக்கூடத் தூக்கியதில்லை. தொழுகை முடிந்து ஊரார் நிற்கும்போது, எதிர்வீட்டு ஓமுர்பெக்கின் காதில் விழும்படி இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதுதான் வினையாயிற்று.

வசந்தத்தில் மலைச்சேறு இறங்கி என் கடைசி மகனின் வீட்டை அடித்துக்கொண்டு போனது. மகன்கள் நால்வரும் ரஷ்யாவில். ஊரில் கல் தூக்கத் தெம்புள்ளவர்கள் எல்லாருமே அங்கேதான். மருமகளும் மூன்று குழந்தைகளும் எங்களோடு நெருக்கியடித்துக் கிடந்தார்கள். எங்கள் மலையூர் அட்-பாஷியில் அக்டோபரில் பனி விழுந்துவிடும். அதற்குள் கூரை ஏற வேண்டும்.

செப்டம்பரில் ரீகா நகரத்து டிராம் பணிமனையிலிருந்து ஐந்து பேர், மலைச்சேற்றுச் செய்தி கேட்டு, சொந்த விடுப்பில் வந்து இறங்கினார்கள், வீடு கட்டித் தருகிறோம் என்று. நல்லவர்கள், ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். ஆனால் விருந்தாளிகள்! மண்வெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றினேன். மூன்று நாள் ஊற்றினேன்.

"பெரியவரே, இவ்வளவு தூரம் டீ குடிக்கவா வந்தோம்?" என்றான் அவர்களில் மூத்தவன் போலிருந்த குனார்ஸ்.

"இன்னும் ஒரு கிண்ணம் குடிங்க."

அந்தக் கூட்டத்திலும் ஒரு விரிசல். ஐவரில் இன்னொருவனான இல்மார்ஸ் வேலைக்குத் தாமதமாக வந்ததைக் குனார்ஸ் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டானாம். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. பக்கத்தில் இருக்கும் ரொட்டியைக்கூட மூன்றாம் ஆள் மூலமாகத்தான் கேட்டுக்கொள்வார்கள்.

நான்காம் நாள் என் மனைவி பூபுஷ் பொறுமை இழந்தாள். "நீங்க இப்படி வெறைப்பா உக்காந்திருந்தா, பனி பயந்து நின்னுடுமா?"

யோசித்தேன். நம் வீட்டில் வேலை செய்தால் நமக்கு இழுக்கு வராத வெளியாள் யார்? மாப்பிள்ளை!

அன்றே கிடா வெட்டினேன். சாட்சிக்கு ஓமுர்பெக்கையும் அழைத்தேன். பெரிய விருந்தாளிக்குரிய ஆட்டுத்தலையை அவர் முன் வைத்தேன். மனிதர் பூரித்துப்போய்க் காதை அறுத்து வாயில் போட்டார். அதன் பிறகுதான், மாப்பிள்ளைக்கென்றே உள்ள நெஞ்சுக்கறியை அந்த ஐவர் முன் வைத்தேன்.

ஓமுர்பெக் மெல்வதை நிறுத்தினார். "என்னப்பா ஷார்ஷென், உனக்கு ஏது பொண்ணு?"

"மாப்பிள்ளை வந்தாச்சு. பொண்ணு மெதுவா வரட்டும். நீங்க தலையைச் சாப்பிடுங்க."

தலையை ஏற்றுக்கொண்டவர் விருந்தைக் குறை சொல்ல முடியாது. விழுங்கினார்.

ஐவருக்கும் விஷயத்தைச் சொன்னேன்: இதைத் தின்றால் இந்த வீட்டு மாப்பிள்ளை, மாமனார் ஏவினால் செய்ய வேண்டும், ஒருவருக்கொருவர் சகலை. கறி ஒன்று, கத்தி ஒன்று. கத்தி குனார்ஸ் கையில். நான்கு துண்டு கொடுத்தாகிவிட்டது, ஐந்தாவது இல்மார்ஸுக்கு. எல்லாரும் குனார்ஸின் கையையே பார்த்தார்கள்.

"இந்தா... சகலை" என்றான் குனார்ஸ்.

"கொழுப்பை உனக்கு வச்சுக்கிட்டு எலும்பை எனக்குத் தள்றியேடா, சகலை!"

இரண்டு வருடம் அடைபட்டிருந்த பேச்சு அங்கே உடைந்து கொட்டியது.

மறுநாள் முதல் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஏவினேன். "மாப்பிள்ளை, சேறு! மாப்பிள்ளை, கல்லு கோணல்!" தெருப் பெண்கள் கொழுந்தியாள் உரிமை என்று சொல்லி அவர்களுடைய பூட்ஸுகளை ஒளித்து வைத்தார்கள். ஒற்றை பூட்ஸுடன் குனார்ஸும் இல்மார்ஸும் தோளைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தித் தேடுவதைப் பார்க்க ஊரே கூடும். பனி விழுவதற்கு ஒரு நாள் முன்பு கூரை ஏறியது.

புறப்படும்போது ஓமுர்பெக் வாசலில் வந்து நின்றார். தலைக்கறிக்குப் பழிவாங்கத்தான்.

"மாப்பிள்ளைங்களை வெறும் தோளோட அனுப்புறதுதான் உங்க வம்ச வழக்கமா?"

நிமிர்ந்தே நின்றேன். மாப்பிள்ளைக்குப் பஞ்சு வைத்த மேலங்கி போர்த்த வேண்டும், உண்மைதான். வீட்டில் இருந்ததோ மூன்று. நான் அணிந்திருந்ததையும் கழற்றினேன். நான்காயிற்று. குளிர் முதுகில் ஏறியது. இன்னும் ஒன்று வேண்டும்.

குனார்ஸ் என் அங்கியின் ஒரு கையில் தன் கையை நுழைத்தான். மறு கையில் இல்மார்ஸ் நுழைத்தான்.

"நெஞ்சுக்கறியும் ஒண்ணுதானே மாமா? பங்கு போட்டுக்குறோம்."

அப்படியே ஒட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள்.

வண்டி மறைந்ததும் ஓமுர்பெக் என் பக்கத்தில் வந்து செருமினார். "என் தொழுவச் சுவரும் சாஞ்சு கிடக்கு. அவங்க விலாசம் இருக்கா?"

"அவங்க என் மாப்பிள்ளைங்க. உங்க ஆட்டுக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குமில்ல?" என்றேன்.